ஆமா போடுகிறவன்

“அந்தத் தேக்கை வெட்டுனது நீதானலே?” என்று அதட்டினார் சர்க்கார் வக்கீல்.

“ஆமா சாமி” என்றான் கூண்டில் நின்ற சோணைமுத்து.

அய்யனார் கோவில் மலையில் தேனெடுத்துப் பிழைக்கும் பளியர் குடிக்காரன். போலீஸ் ஸ்டேஷனிலும் இதையேதான் சொன்னான். வேறு சாட்சி கிடையாது. அந்த ஒரு ஆமாவுக்கே ஆறு மாதம் உள்ளே போகவேண்டி வரும்.

அவனுக்காக எழுந்தவர் ஜெபதுரை வக்கீல். அவர் எழுந்தாலே ஜெயிலில் ஒரு படி அரிசி கூடுதலாக உலையில் போடுவார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பேச்சு. பரப்பியதே அவர்தான்.

தேன் வாங்க மலைக்குப் போய்வந்ததில் அவருக்கு ஒன்று தெரியும். கோபமாகக் கேட்பவனிடம் ‘இல்லை’ என்று பளியர்கள் சொல்ல மாட்டார்கள். கோபக்காரனோடு மல்லுக்கு நிற்பது அவர்களுக்கு வெட்கக்கேடு. ஆமா போட்டுவிட்டு, ஆறட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

போன வாய்தாவில் இதைச் சொன்னார். மாஜிஸ்திரேட் கொட்டாவி விட்டார்.

ஆகவே இன்றைக்கு அவரே அதட்டிக் காட்டியாகவேண்டும். வீட்டுப் பூனையைக்கூட அதட்டிப் பழகாத தொண்டை.

“ஏலே, ஆண்டாள் தேரைக் களவாண்டது நீதான?”

“ஆமா சாமி.”

தேர் தெருவில் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

“எங்க சர்ச் மணியை முழுங்குனதும் நீதான?”

“ஆமா சாமி.”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மேசையில் குத்தினார். “வக்கீல் சொல்லிக்கொடுத்தாராலே?”

“ஆமா சாமி.”

ஜெபதுரை தனக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார்: உலையில் இன்னும் ஒரு படி அரிசி.

மாஜிஸ்திரேட்டின் குரல் இன்னும் ஏறியது. “அப்ப நாந்தான் சொல்லிக்கொடுத்தேனாக்கும்?”

“ஆமா சாமி.”

சிரிப்பு நின்றது. பேனா எடுத்து அந்த ஒப்புதலைக் குறுக்கே அடித்தார் மாஜிஸ்திரேட். வழக்குத் தள்ளுபடி.

பிறகு, அன்று முதல் தடவையாக, மாஜிஸ்திரேட்டே அவனிடம் தன்மையாகப் பேசினார்.

“போயிட்டு வாப்பா. இனிமே காட்டுக்குள்ள போகாம இருந்துக்கோ, என்ன?”

ஆமா சொல்லித் தொலை என்று ஜெபதுரை கண்ணைக் காட்டினார்.

சோணைமுத்து நிமிர்ந்தான். “இல்ல சாமி. போவேன். அது எங்க காடு.”

வாசலில் நின்ற பாரஸ்ட் கார்டு பாய்ந்து வந்தான். “ஏலே, அது சர்க்கார் காடு. தெரியும்லா?”

“ஆமா சாமி” என்று சொல்லிவிட்டு, கூண்டை விட்டிறங்கி மலையைப் பார்த்து நடந்தான் சோணைமுத்து.