சொல்லிக்கொள்ளாமல்

காட்டூரில் விஜயராணியின் தாத்தா பாடை கட்டிக் கொடுத்தார். அப்பா அமரர் ஊர்தி வாங்கினார். அவள் ஐஸ் பெட்டிகளையும் சேர்த்து வாடகைக்கு விடுகிறாள். மூன்று தலைமுறையாக மாறாத விதி ஒன்றுதான்: துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும்.

அவள் கணவன் ஹரிஹரசுதனுக்கு அது மட்டும் வரவே இல்லை. முசிறியில் துணிக்கடையில் வேலை பார்த்தவன். மரியாதை நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்றியதும் வாசலில் கைகூப்பி, "போயிட்டு வரேங்க" என்பான். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் சொன்னான். எட்டாம் நாள் அதே வீட்டுக்கு மறுபடி பெட்டி போயிற்று. லால்குடியில் சொன்னான், அங்கும் எட்டாம் நாள். இரண்டாம் முறை எடுத்துவரும்போதும் சொல்லித் தொலைத்தான். நேற்று லால்குடியில் அதே வீட்டுக்கு மூன்றாவது முறை.

"எத்தனை தடவைங்க சொல்றது? வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறத் தெரியாதா?"

"பழக்கம் ராணி. தானா வந்துடுது."

"அந்தப் பழக்கத்தை முதல்ல விடுங்க."

இன்று காலை லால்குடிப் பெட்டியை எடுத்துவரக் கிளம்பினான். செருப்பை மாட்டினான், சாவியை எடுத்தான், படி இறங்கினான். ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏங்க, சொல்லிட்டுப் போங்க" என்று பின்னாலேயே ஓடினாள். வேன் தெருமுனை தாண்டிவிட்டது.

ஷெட்டில் ஒரே ஒரு பெட்டி மிச்சமிருந்தது. அதன் வயர் பிளக்கோடு சுருண்டு மூடியின்மேல் கிடந்தது. விஜயராணி அதன் பக்கத்தில் நின்று அவனுக்கு போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கியது.