தியேட்டர் பிரிண்ட்

மூன்றாவது ஆப்பையும் சில்வியா வாய்விட்டுத் திட்டித் தீர்த்தாள்.

முதல் ஆப்பில் அந்தப் படம் போன மாதம் வரை இருந்ததாம், இப்போது எடுத்துவிட்டார்களாம். இரண்டாவதில் இருக்கிறது, ஆனால் சந்தா கட்டியவர்களும் தனியாக வாடகை கட்டினால்தான் திறக்குமாம். மூன்றாவதற்கு ஒரு வருஷப் பணத்தை அழுத பிறகும் முதலில் வந்தது பற்பசை விளம்பரம்.

பகல் கொள்ளை என்றாள். ஆனாலும் கட்டியிருந்தாள்.

அவள் தம்பி பிராங்கிளின் கடைசியாகப் பார்த்த படம் அது. முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு பைக்கில் திரும்பியவன்மேல் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஏறி, பத்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அப்பா லூர்து இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டது இந்தப் படத்தை மட்டும்தான்.

ஞாயிறு பூசை முடிந்து ராயபுரம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவை டிவி முன்னால் உட்காரவைத்துப் படத்தைப் போட்டாள். கதாநாயகனின் மீசை முடியை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

கதாநாயகன் திரையில் நுழையும் இடம் வரை அப்பா பொறுமையாக இருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“இது இல்ல பாப்பா. கலீஜா ஒண்ணு கீதே, ஜனம் கத்திகினு, மண்டைங்க மறைச்சிகினு... அத்தப் போடு.”

“திருட்டு பிரிண்டா? அவன் இருந்தா இன்னா சொல்லுவான் நைனா?”

என்ன சொல்வான் என்று தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு லியோனார்ட் போனில் இப்படி ஒரு படம் பார்த்ததற்கு போனைப் பிடுங்கிப் படத்தை அழித்தே விட்டவன் பிராங்கிளின். மாதக் கடைசியிலும் கைமாற்று வாங்கியாவது தியேட்டருக்குத்தான் போவான்.

அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கேட்டதை மட்டும் மாற்றவில்லை.

சில்வியா எரிச்சலை அடக்கிக்கொண்டு லியோனார்டைக் கூப்பிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் லிங்கை அனுப்பிவிட்டுப் போனான்.

திரை கோணலாக இருந்தது. ஒரு தலை எழுந்து பாதி படத்தை மறைத்தது. யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுதது. இதையா கேட்டார் என்று சில்வியா திரும்பினாள்.

அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தபோது கதாநாயகன் நுழைந்தான். தியேட்டரே கத்தியது. அத்தனை கூச்சலுக்கும் மேலே ஒரு விசில் கேட்டது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

அது துறைமுகத்து விசில். முப்பது வருஷம் கப்பலடியில் நின்று கிரேன்காரருக்கு அப்பா அடித்தது, சரக்கைக் கீழே இறக்கு என்று அர்த்தம். பிராங்கிளின் ஆறு வயதில் அதைப் பிடித்துக்கொண்டான். சந்தோஷம் வந்தாலும் அதுதான், பசித்தாலும் அதுதான். லாரிப் புழுதிக்குப் பயந்து எப்போதும் தாழ் போட்டிருக்கும் வீடு இது. தெருமுனையிலிருந்தே அடிப்பான், அவன் வந்து சேர்வதற்குள் கதவு திறந்திருக்கும்.

“திருவொத்தியூர் ரயில்ல எவனோ போன்ல பாத்துகினு இருந்தான்,” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். “இன்னொரு தபா போடு பாப்பா.”

சில்வியாவுக்கு ரிமோட்டில் பொத்தான் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஓட்டினாள். சத்தத்தையும் முழுசாகக் கூட்டினாள்.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஐரீனிடம் இருவருமே எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஐரீன் செதில் ஒட்டிய கையோடு விறுவிறுவென்று வெளியே வந்தாள். டிவியையும் பார்க்கவில்லை, இவர்களையும் பார்க்கவில்லை. நேராகப் போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, கதவை அகலமாகத் திறந்துவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.