பதினோரு நரிகள்

"பதினோரு கயோட்டி நரியைச் சுட்டாச்சு. இன்னும் ஆட்டுக்குட்டி சாகுதே, லைல்!" என்று பொரிந்தாள் வெர்னா. புருஷன் போன பின் அமெரிக்காவின் வயோமிங்கில் ஆட்டுப் பண்ணையைத் தனியாகப் பார்ப்பவள்.

நரி வேட்டைக்கு வந்திருந்த லைல், செத்த ஆட்டுக்குட்டியைப் புரட்டினான்.

"கயோட்டின்னா கழுத்தைக் கவ்வும், தின்னும். இங்க தொடைதான் குதறிக் கிடக்கு. ஒரு வாய்கூடத் தின்னலை. இது நாய் வேலை, அக்கா."

"பத்து மைலுக்கு ஏதுடா நாய்? நம்ம டெஸ்ஸைத் தவிர..."

பாதியில் நிறுத்திவிட்டாள். புருஷன் செத்த நாளிலிருந்து அவள் கட்டிலடியிலேயே படுக்கும் டெஸ், வாசற்படியில் கால்களை நக்கிக்கொண்டிருந்தது. நகங்களில் ரத்தம் தோய்ந்த ஆட்டு ரோமம்.

பதினோரு நரிகளும் வீணாய்ச் செத்திருந்தன.

"நானே முடிச்சிடட்டுமா?" என்றான் லைல்.

வெர்னா துப்பாக்கிக்குக் கை நீட்டினாள்.

"உன்கிட்ட வராது. நான் கூப்பிட்டாத்தான் வரும்."