எதிர்ப்பு இல்லை

இலவசத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளிலிருந்து தட்டச்சுப் பொறிக் காலத்து விசையமைப்பை நீக்கப்போவதாகத் தவமணி அறிவித்தான். பதினாறு வருடங்களுக்கு முன் அதைச் சேர்த்தவனும் அவன்தான். எதிர்ப்பு இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுதலாம் என்றிருந்தது. கடைசி நாளில் நீதிமன்ற வாசலில் மனு அடிக்கும் பெண் ஒருத்தி தொலைபேசியில் கத்தினாள்.

“யாரைக் கேட்டுய்யா எடுக்கிறே? முப்பது வருஷமா கையில ஏறினது. இனிமே நான் அ, ஆன்னு ஆரம்பிக்கணுமா?”

“ஓசியில வாங்கிட்டு அதிகாரம் வேறயா? எங்க இணையப் பக்கத்துல எழுதிப் போடுங்க.”

அந்தப் பக்கத்தில் பழைய அமைப்பை அவன் முன்கூட்டியே எடுத்திருந்தான். திரையைப் பார்க்காமல் அடித்துப் பழகியவள், அப்படியே அடித்து அனுப்பிவிட்டாள். ஒரு வரிகூடத் தமிழாக வரவில்லை.

கூட்டாளி முபாரக் எட்டிப் பார்த்தான். “என்னடா இது, பூனை நடந்த மாதிரி? எதிர்ப்பு எதுவும் வரலைன்னு போட்டுடவா?”

பழைய அமைப்பில் எந்த எழுத்து எந்த விசையில் என்று தவமணியின் விரல்கள் மேசைமேல் தாமாகவே தட்டிப் பார்த்தன. முதல் வரியில் அவன் பெயர் இருந்தது. இரண்டாவதில் அவன் அம்மாவை இழுத்திருந்தாள்.

“போட்டுடு,” என்றான். விரல்கள் மூன்றாவது வரிக்குப் போயின.