தொதலுக்கு ஏற்றது

"விழுங்காட்டி அது குடிச்சதில்லையோ, அப்பா?" என்று ஸ்டெபனி ஒருமுறை கேட்டாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. குசினித் தொட்டியடியில் நின்று, வைனை வாயில் சுழற்றித் துப்பிப் பழகிக்கொண்டிருந்த கிறிஸ்துநாயகம் சிரித்தார்.

பதிலைப் பிறகு சத்தியமாகவே சொன்னார். இனி ஒரு துளியும் விழுங்கமாட்டேன், மகளே.

நான்கு வருடமாகிறது. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் போர்த்துக்கல் வைன் விற்பது. வாயில் வைப்பார், மணம் சொல்வார், வாளியில் துப்பிவிடுவார்.

இன்று மத்தியானம் அஜின்கோர்ட் புறநகரில், ஜனார்த்தனின் உணவகத்தில், ஐந்து வைன்கள். மேசையைச் சுற்றி முதலாளி ஜனார்த்தனும் அவருடைய நண்பர்கள் எட்டுப் பேரும். இந்த ஓடர் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

புளிப்பான இளம் வைனுக்குப் பொரித்த சாளை மீன். அந்தப் புளிப்பு மீனின் எண்ணெயை அறுத்துவிடும் என்றார். வெள்ளைக்கு உப்பிட்ட மீனும் உருளைக்கிழங்கும். சிவப்பு இரண்டுக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டல். நான்கு தரமும் துப்பினார்.

"போர்த்துக்கீசன் எங்களுக்குப் பாணும் குசினியும் தந்தவன். நீர் அவன்ர வைனைத் துப்பிறீர்," என்றார் ஒருவர். மேசை சிரித்தது.

ஐந்தாவது, போர்ட் என்ற பழுப்பு நிற இனிப்பு வைன். அதற்குத் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல்தான் பொருத்தம் என்பது கிறிஸ்துநாயகத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஜனார்த்தன் வாளியைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளினார்.

"இதை விழுங்கிக் காட்டுங்கோ அண்ணை. விக்கிறவனே துப்பினா நான் என்னெண்டு வாங்கிறது?"

"மகளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறன், தம்பி."

"அவ என்ன, இஞ்ச நிண்டு பாக்கிறாவே?"

மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். இரண்டு பேர் படம் பிடிக்கத் தொலைபேசியை உயர்த்தினார்கள்.

குசினியில் வேலை செய்யும் சீமோன், தொதல் துண்டுகளோடு கிண்ணங்களையும் கொண்டுவந்தான். கடைசிக் கிண்ணத்தைக் கிறிஸ்துநாயகத்தின் முன்னால் வைத்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிறிஸ்துநாயகம் சிலுவை அடையாளம் இட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

நன்னாரி.

தண்ணீர் குறைத்துக் கலந்த நன்னாரிச் சர்பத். அதே பழுப்பு, அதே இனிப்பு.

"அத்திப்பழம்... வாதுமை," என்றார். குரல் உடைந்தது. "தொதலோட நல்லாச் சேரும்."

"மனுசன் ருசியில அழுகிறார், பாருங்கோடா!" என்று ஜனார்த்தன் கைதட்டினார். நாற்பது பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டார்.

குசினிக் கதவு மூடியிருந்தது. உள்ளே சீமோன் தனியாக நின்று, கிறிஸ்துநாயகத்துக்கென்று ஊற்றியிருந்த போர்ட்டைத் தொட்டியில் கவிழ்த்தான்.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு ஞானஸ்நான விருந்தில், "இதை மட்டும் விழுங்குங்கோ அண்ணை" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிண்ணம் நீட்டியவன் அவன்தான்.

அன்று பின்னேரம் கிறிஸ்துநாயகம் வீட்டில் போதையில் உறங்கிக் கிடந்தார். அடுத்த அறையில் ஸ்டெபனி மூச்சு முட்டி, குரல் நிற்கும்வரை அவரைக் கூப்பிட்டாள்.

அவளுடைய சின்னப் பெட்டியில் கைவைத்துத்தான் அவர் அந்தச் சத்தியத்தைச் செய்தார். பெட்டியின் மறுமுனையைத் தூக்கியவன் சீமோன்.

அவன் கிண்ணத்தை இரண்டு தரம் கழுவினான். நன்னாரிப் போத்தலை அலுமாரியில் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டு, மீன் தட்டுகளைத் தேய்க்கத் தொடங்கினான்.