மண் பேசியது

"வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்று கேட்டார், ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியிலிருந்து வந்திருந்த மது வியாபாரி லேவான்.

"கீழ போயிருக்கார். வர நேரமாகும்" என்றாள் மக்வாலா.

ஏற்கெனவே மூன்று வியாபாரிகளை அவள் கணவன் கோச்சா வாயாலேயே விரட்டியிருந்தான். அறுவடைக்குள் மது ஜாடிகள் காலியாகாவிட்டால் புதுத் திராட்சையை எங்கே கொட்டுவது?

லேவான் அவள் நீட்டிய மதுக் கிண்ணத்தை முகர்ந்தார். "ஆலைச் சரக்கெல்லாம் ஊமைம்மா. சின்னத் தோட்டத்து மதுவுலதான் மண்ணு பேசும்."

கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கினார்.

"பட்டணத்தானுக்கு ஒரு சொட்டுகூட ஊத்தாதே!" என்று காலுக்கடியிலிருந்து ஒரு குரல் உறுமியது.

லேவானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நான் எந்த ஊருன்னுகூடக் கண்டுபிடிச்சிடுச்சே!"

மக்வாலா கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள். தரையில் புதைத்திருந்த ஆளுயரக் காலி ஜாடியைக் கழுவக் காலையில் கோச்சா உள்ளே இறங்கியதும், சத்தமில்லாமல் ஏணியை உருவிக்கொண்டது அவள்தான்.

"ஏணியைப் போடுடி, பாவி!"

"அடடா, என்ன காரம்!" லேவான் உருகிப்போனார். "எல்லா ஜாடி மதுவும் எனக்குத்தான்!"

மக்வாலாவின் முகம் மலர்ந்தது.

"பேசுற ஜாடியையும் எடுத்துக்கிறீங்களா? நானே தோண்டித் தர்றேன்."