காலடி படாத மலை

மனிதக் காலடியே படாத கடைசி மலை என்று கருந்தலை மலைக்குச் சான்றிதழ் உண்டு. அதைக் காப்பாற்றுவது சடையாண்டியின் வேலை. மூடுபனி விலகி செயற்கைக்கோள் பார்ப்பதற்குள், புல்மேட்டுச் சேற்றில் பதிந்த தடங்களைத் துடைப்பத்தால் அழித்துவிடுவார். எல்லாம் அவருடைய தடங்கள்தான்.

இன்று பாசிப் பாறை வழுக்கி, கால் முறிந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டார்.

"ஹெலிகாப்டர் அனுப்பும்மா. எலும்பு வெளிய தெரியுது."

"எப்படிண்ணே அனுப்புறது?" என்றாள் ரெஜினா. "அங்க ஆளே இல்லைன்னுல்ல எழுதிக் கொடுத்திருக்கோம். எல்லைக்கல் வரைக்கும் எப்படியாவது தவழ்ந்து வந்துடுங்க. ஆம்புலன்ஸ் நிக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு தவழத் தொடங்கினார். போன் மறுபடி அடித்தது.

"அண்ணே, துடைப்பத்தை அங்கயே விட்டுட்டு வந்துடாதீங்க. தவழ்ந்த தடம் இருக்குமில்ல."